சாப்பாட்டுப் பார்சலுக்கு மூன்று வாரம் வேண்டாம்

கண்டிக் கச்சேரியிலோ கங்கவட்ட கோறளை பிரதேச செயலகத்திலோ புதிதாகக் கடமையேற்ற அபிவிருத்தி உத்தியோகத்தரா நீங்கள்? ஒருநாள் பயிற்சிக்கு முப்பது பார்சல் எடுக்கும் வேலை சீக்கிரமே உங்கள் மேசைக்கு வரும். ஒவ்வொரு தடவையும் மூன்று விலைமனு தேடி அலையாதீர்கள். தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் விதியல்ல, அலுவலகப் பழக்கம்தான்.

முதலில், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய பெறுகை ஆணைக்குழுவின் வழிகாட்டல்களை நீங்களே வாசியுங்கள். இன்னும் 2006ஆம் ஆண்டுக் கைநூலையே புரட்டுபவர்கள் இருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க பொது ஒப்பந்தச் சட்டப்படி பதிவு தேவைப்படுவது 50 இலட்சம் ரூபாவைத் தாண்டும் ஒப்பந்தங்களுக்கு. வீட்டில் சமைத்துத் தரும் அக்காவிடம் அதைக் கேட்பது அநியாயம். சமையலிடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வருடம் முழுவதும் எத்தனை கூட்டம், எத்தனை பேர் என்று ஜனவரியிலேயே கணக்கிட்டு, வழங்குநர் பதிவோடு சேர்த்து சோறு கறி, சிற்றுண்டி, தேநீர் மூன்றுக்கும் விலை பெற்று, பெறுகைக் குழுவின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். பிறகு ஒரு கட்டளைக் கடிதம் போதும். ஆனால் பெறுமதி எல்லைக்குள் அடக்குவதற்காகப் பெரிய கொள்வனவைத் துண்டு போடாதீர்கள். கணக்காய்வு முதலில் பார்ப்பது அதைத்தான். கண்டிக்கு இந்த முன்னேற்பாடு இன்னும் அவசியம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளைச் சரித்தபோது, சமைத்த உணவு அன்றிரவே தேவைப்பட்டது.

உண்மையான சிக்கல் பணம் கொடுப்பதில் இருக்கிறது. கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகத்தில் விற்கும் பெண்களைப் போன்றவர்கள் அரிசியும் தேங்காயும் கைக்காசில் வாங்குகிறார்கள். இரண்டு மாதம் கழித்து வரும் காசோலை அவர்களுக்கு உதவாது. அடுத்த தடவை பெரிய ஹோட்டல் மட்டுமே விலை தரும், அதுவும் கூட்டித் தரும். நிதிப் பிரமாணம் 136 முதல் 139 வரை அதிகாரமளித்தல், அங்கீகாரம், சான்றுப்படுத்தல், கொடுப்பனவு என நான்கு படிகளைச் சொல்கிறது. முதல் இரண்டையும் கூட்டத் திகதி குறித்த அன்றே முடிக்கலாம். நிதிப் பிரமாணம் 371இன் கீழ் பதவிநிலை உத்தியோகத்தர் முற்பணம் பெற்றால் உணவு வந்த இடத்திலேயே காசு கொடுக்கலாம். வேலை முடிந்ததும் பற்றுச்சீட்டோடு தீர்க்க வேண்டும்.

பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் வருகைப் பதிவேட்டின் பிரதியும் அன்று மாலைக்குள் கணக்குக் கிளைக்குப் போகட்டும்.