கூலியை எப்படிப் பேசுவது?

கேள்வி: வீட்டிலிருந்தே ஆன்லைனில் மொழிபெயர்ப்பு வேலை எடுத்துச் செய்ய ஆசை. கூலி எப்படிப் பேசுவது? ஜி.எஸ்.டி. எண் வேண்டுமா?
- வாசகி, தென்காசி

பதில்: ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்கும் காசு கறக்க ஆள் இருக்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

கூலியில்தான் சூதானம் வேண்டும். ஆங்கில மூலத்தின் சொல் கணக்கில் பேசுங்கள். 'இன் தி ஹவுஸ்' மூன்று சொல். தமிழில் 'வீட்டில்' ஒன்றுதான். தமிழ்ச் சொல்லை எண்ணிக் காசு வாங்கி நான் பல மாதம் கோட்டை விட்டிருக்கிறேன். பாதிப் பணத்தை முன்கூட்டியே கேளுங்கள், கூச்சம் வேண்டாம். திருத்தம் எத்தனை முறை என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். 'சின்ன மாற்றம்தான் மேடம்' என்று ஐந்தாம் முறையும் வருவார்கள்.

வேலை தர டெபாசிட் கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.