நூல் இருப்புக் கணக்கு: கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் வைக்கும் முறை

உழவர்க்கு விதை எத்தகையதோ, நெசவாளர்க்கு நூல் அத்தகையது. களஞ்சியத்தில் விதை எவ்வளவு உளது என்பதனை அறியாமல் எவரும் ஏர் பூட்டுவதில்லை. ஆயினும், அலமாரியில் எந்த நம்பர் நூல் எத்தனை கிலோ உளது என்று கேட்டால் உடனே விடை கூறத்தக்க நெசவாளர் மிகச் சிலரே. சங்கத்திலிருந்து நூல் பெற்று, துணியாக நெய்து தந்து, கூலி பெறும் அங்கத்தினர்க்கு இக்குறை வெறும் ஒழுங்கின்மை அன்று. துணி திரும்பும் நாளில் எடை குறைந்ததென்று கூலியிற் பிடித்தம் செய்தால், தம்மிடம் கணக்கு இல்லாதவர் அதனை மறுத்துரைக்க வழியில்லை. ஆதலின் நூல் இருப்புக் கணக்கினை இக்காலக் கருவிகளாகிய கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் எவ்வாறு வைப்பது என்பதனை இப்பாடத்திற் காண்போம்.

கணிப்பொறி நமக்குப் புதிது என்று அஞ்ச வேண்டுவதில்லை. 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலை நெய்யும் தறியினை அமைத்தார். இன்றும் நம் தறிகளின்மேல் இருக்கும் ஜக்கார்டுப் பெட்டி அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1830-களில் சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு அவ்வட்டை முறையையே எடுத்துக் கொண்டார். எனவே கணிப்பொறியின் முன்னோருள் தறியும் ஒன்றாகும்.

முதலில் அளவை

கணக்கு எதுவாயினும் அளவை பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். பருத்தி நூலின் நம்பர் என்பது யாது? ஒரு சிட்டம் 840 கெஜம் நீளமுடையது. இத்தகைய சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடையாகுமோ அத்தொகையே நம்பர். 40 சிட்டங்கள் ஒரு பவுண்டாயின் அது 40-ஆம் நம்பர். 80 சிட்டங்களாயின் 80-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற இழை மெலியும்.

இதனை மெட்ரிக் அளவைக்கு மாற்றினால் எளியதொரு வாய்பாடு கிடைக்கும். ஒரு கிலோ நூலின் நீளம், நம்பரை 1,693-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர் ஆகும். 80-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோ 1,35,440 மீட்டர். ஒரு சிட்டம் 768 மீட்டர். அதன் எடை ஏறத்தாழ 5.67 கிராம்.

முறுக்கிய இரட்டை நூலில் கவனம் வேண்டும். 2/80 என்பது 80-ஆம் நம்பர் இழைகள் இரண்டு சேர்ந்தது. அதன் நீளத்தை 40-ஆம் நம்பராகக் கொண்டே கணக்கிடல் வேண்டும். இதனை மறந்தால் இருப்பு உள்ளதைப்போல் இரு மடங்காகத் தோன்றும்.

பட்டு நூலுக்கு டெனியர் என்பது அளவை. 9,000 மீட்டர் இழை எத்தனை கிராமோ அதுவே டெனியர். இங்கு எண் ஏற ஏற இழை தடிக்கும், பருத்திக்கு நேர்மாறு. ஆகவே கணக்கில் எண்ணை மட்டும் எழுதாமல், நம்பரா டெனியரா என்பதனையும் உடன் எழுதுக.

ஏட்டின் அமைப்பு

விரிதாள் என்பது கட்டங்கள் இட்ட தாள். கூட்டலும் பெருக்கலும் அது தானே செய்யும். அதில் மூன்று பக்கங்கள் போதும்: வரவு, பற்று, இருப்பு.

வரவுப் பக்கத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு வரி. அதில் இடம்பெற வேண்டுவன: வரிசை எண், தேதி, வந்த இடமும் பட்டியல் எண்ணும், பருத்தியா பட்டா, நம்பர் அல்லது டெனியர், நூலின் நிலை, நிறம், சாய லாட் எண், சிட்டங்களின் தொகை, எடை, விலை, வைத்துள்ள இடம்.

நூலின் நிலை என்பது கோராவா, வெளுத்ததா, சாயமிட்டதா என்பது. நிலை மாறினால் எடையும் மாறும். பச்சைப் பட்டின் பசையை நீக்கினால் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒரு கிலோ கொடுத்து முக்கால் கிலோ பெற்றவர் நிலையைக் குறித்து வையாவிடில், கால் கிலோ களவு போனதென்றே கணக்குக் காட்டும்.

சாய லாட் எண் மிகவும் முக்கியம். ஒரே சாயம், ஒரே அளவு எனினும் வெவ்வேறு தொட்டியில் தோய்த்த நூல்கள் சிறிது வேறுபடும். சிட்டமாக இருக்கையில் கண்ணுக்குத் தெரியாத அவ்வேறுபாடு, ஊடையில் ஓடியபின் சேலையின் குறுக்கே கோடாகத் தெரியும். ஒரு சேலைக்கு வேண்டிய ஊடை ஒரே லாட்டில் உளதா என்பதனைப் பாவு ஏற்றுமுன்னரே கணக்குச் சொல்லிவிட வேண்டும்.

இருப்பைக் கைப்பேசியிற் படம் எடுத்து வைத்தல் நலமே. எந்த மூட்டை எங்குளது என்பதனை அது காட்டும். ஆனால் நிறம் ஒப்பிடுவதற்குப் படத்தை நம்பலாகாது. விளக்கொளிக்கும் கருவிக்கும் ஏற்ப நிறம் மாறித் தோன்றும். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு முழ இழையை அட்டையிற் சுற்றி லாட் எண் எழுதி வைத்தலே தக்கது. சிட்டக் கட்டிலும் அவ்வெண் எழுதிய சீட்டினைக் கட்டுக. சீட்டில்லாத நூலுக்குக் கணிப்பொறியில் வரியிருந்தும் பயனில்லை.

விரிதாள் செய்யும் குறும்பு

தொடங்குவோர் இரண்டினை அறிந்திருத்தல் வேண்டும். 2/10 என்று எழுதினால் விரிதாள் அதனை நூல் நம்பரென்று அறியாது. அக்டோபர் 2 என்றோ பிப்ரவரி 10 என்றோ தேதியாக மாற்றிவிடும். 2/80 என்பது 1980 பிப்ரவரி ஆகிவிடும். அவ்வாறே 007 என்ற லாட் எண் 7 என்று சுருங்கும். எழுதத் தொடங்குமுன் அப்பத்திகளை எழுத்து வகையாக அமைத்துவிட்டால் இவ்விடர் நேராது.

ஒரு பாவின் கணக்கு

48 அங்குல அகலம், அங்குலத்திற்கு 72 பாவு இழை, பாவின் நீளம் 36 மீட்டர், நூல் 80-ஆம் நம்பர் என்று கொள்வோம். பாவின் இழைகள் 48 × 72 = 3,456. மொத்த நீளம் 3,456 × 36 = 1,24,416 மீட்டர். இதனை 768-ஆல் வகுத்தால் 162 சிட்டம். எடை சுமார் 919 கிராம்.

இனி ஊடை. அங்குலத்திற்கு 68 ஊடை எனில், மீட்டருக்குச் சுமார் 2,677. ஓர் ஊடைக்கு வளைவையும் சேர்த்து 1.25 மீட்டர் இழை செல்லும் எனக் கொண்டால், 34 மீட்டர் துணிக்கு ஏறத்தாழ 1,13,780 மீட்டர். எடை சுமார் 840 கிராம்.

இரண்டும் சேர்ந்து 1,759 கிராம். கழிவுக்கும் இடம்விட்டுச் சங்கம் 1,850 கிராம் கொடுத்ததெனின் அதுவே பற்றுப் பக்கத்தின் வரி. தேதி, தறி எண், அங்கத்தினர் பெயர், லாட் எண், எடை ஆகியவற்றைக் கொடுக்கும் அப்பொழுதே எழுதுக. மாலையில் எழுதுவோம் என்று விட்டது மறுநாள் மறந்துபோம்.

துணி திரும்பும் நாளில் ஒரே சமன்பாடு பார்க்க வேண்டும்:

கொடுத்த நூல் = துணியிற் சேர்ந்த நூல் + திரும்பிய நூல் + கழிவு.

கஞ்சியின் எடையைக் கழித்தபின் துணி 1,730 கிராம், திரும்பிய நூல் 82 கிராம், கழிவு 33 கிராம் என்றால் மொத்தம் 1,845. ஐந்து கிராம் மட்டுமே வேறுபாடு. பாவின் கடைசியில் நெய்ய இயலாது எஞ்சும் நுனி ஒரு மீட்டர் எனினும் அது 25 கிராம் ஆகும். கழிவினை எறியாமல் நிறுத்து எழுதினால், தம் நேர்மையை மெய்ப்பிக்க அதுவே சான்றாகும்.

காற்றின் ஈரமும் கணக்கும்

கணக்குச் சரியாக இருந்தும் இருப்பு மாறுபடுவதுண்டு. பஞ்சும் நூலும் காற்றிலுள்ள ஈரத்தை உண்ணும். இதனைப் பருத்தி விளைவிப்போரும் நன்கறிவர். வணிகத்தில் பருத்திக்கு ஏற்கப்பட்ட ஈர அளவு, முற்றும் உலர்ந்த எடையில் 8.5 விழுக்காடு.

உலர்ந்த எடை 100 கிலோ உள்ள நூல், மழைக் காலத்தில் 10 விழுக்காடு ஈரம் ஏற்றால் 110 கிலோ நிற்கும். கோடையில் ஈரம் 6 விழுக்காடாகக் குறைந்தால் அதே நூல் 106 கிலோவே நிற்கும். எவரும் ஓர் இழையும் எடாமலே 4 கிலோ மறைந்துபோகும்! ஐப்பசியிற் பெற்று வைகாசியிற் கணக்கு ஒப்பிக்கும் நெசவாளர்மீது பழி விழுதற்கு இவ்வொரு காரணமே போதும். ஆகவே எடையுடன் சிட்டத் தொகையையும் எழுதுதல் இன்றியமையாதது. எடை காற்றோடு மாறும். சிட்டத்தின் எண்ணிக்கை மாறாது. நிறுத்த நாள் மழை நாளா வெயில் நாளா என்பதனையும் குறித்து வைத்தல் நன்று.

அழிக்கலாகாது

பழைய சிட்டையிலும் பேரேட்டிலும் அடித்துத் திருத்தினால் அடையாளம் நிற்கும். கணிப்பொறியிலோ ஓர் எண்ணை அழித்து வேறெண் இட்டால் சுவடே தெரியாமற் போகலாம். இது வசதியாகத் தோன்றினும் உண்மையில் பெருங்குறை. எனவே மூன்று விதிகளைக் கொள்க.

1. எழுதிய வரியை அழிக்கலாகாது. தவறு நேர்ந்தால், திருத்தம் என்று குறித்துப் புதிய வரி எழுதுக.

2. மாதந்தோறும் ஒரு நாள் நூலை நிறுத்தும் எண்ணியும் பார்த்து, ஏட்டின் இருப்போடு ஒப்பிடுக. வேறுபாடு இருந்தால் அதனையும் ஒரு வரியாக எழுதுக.

3. மாத முடிவில் அச்சிட்டு, சங்கத்தின் சார்பில் ஒருவரும் அங்கத்தினரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக் கொள்க. கைப்பேசி உடையும், தொலையும். ஆதலின் சங்கக் கணிப்பொறியிலும் ஒரு படி இருக்கட்டும்.

மூன்றாம் விதியே இப்பாடத்தின் உயிர். கணக்கு ஒரு பக்கத்தாரிடம் மட்டும் இருந்தால் அது அதிகாரம். இரு பக்கத்தாரிடமும் இருந்தால் அதுவே கூட்டுறவு. கணிப்பொறி வாங்கிய சங்கத்தில், அங்கத்தினர் கையிலிருந்த பற்று வரவுப் புத்தகம் மறைந்துவிடலாகாது. நெசவாளர் இல்லங்களில் கைப்பேசி பழகிய பிள்ளைகள் உளர். தறியில் அமர்ந்திருக்கும் பெற்றோர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதலாம். பிள்ளைகட்குக் கணக்கும் வரும். குடும்பத்தின் தொழிலும் விளங்கும்.

ஒரு லாட்டுக்கு ஒரு வரி என்று இன்றே தொடங்குக. அலமாரியில் உள்ள பழைய நூலை முதலில் எழுதி, அதனையே முதலில் நெய்க. அடுத்த பாவு ஏறுமுன் கணக்கு நிறைவுறும்.

பயிற்சி

1. 2/40 நூல் 3 கிலோ உளது. நீளம் என்ன? (விடை: 20 × 1,693 × 3 = 1,01,580 மீட்டர்.)

2. நும் இல்லத்துள்ள நூலில் சீட்டில்லாத கட்டுகள் எத்தனை? எண்ணி, ஒவ்வொன்றுக்கும் நம்பரும் நிறமும் எழுதிச் சீட்டுக் கட்டுக.