தள ஓட்டின்கீழ் மின் வெப்பக் கம்பி: பொருள் மதிப்பிடும் முறை

லடாக்கில் உள்ள லே நகரம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. குளிர்கால இரவுகளில் அங்கு வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகை சென்டிகிரேடு வரை தாழ்வதுண்டு. விறகோ மண்ணெண்ணெயோ எரியும் ‘புகாரி’ என்னும் அடுப்பே அங்கு நெடுங்கால வழக்கம். 2019-ஆம் ஆண்டு ஸ்ரீநகரிலிருந்து அமைந்த மின்பாதை வழியே லே நாட்டின் பொது மின்தொடருடன் இணைந்தது. ஆகவே, தள ஓட்டின்கீழ் மின் வெப்பக் கம்பி பதிக்கும் முறையை அத்தகைய குளிர்ப் பகுதிகளில் பணிபுரிவோர் அறிந்திருத்தல் நன்று.

இக்கம்பியை வெட்டலாகாது என்பதே முதல் விதி. குறித்த நீளத்திற்கும் மின்தடைக்கும் ஏற்ப அது ஆக்கப்பெற்றது. நீளத்தைக் குறைத்தால் மின்தடை குறையும், மின்னோட்டம் மிகும், கம்பி அளவுமீறிச் சூடேறிக் கருகும். ஓடு பதித்தபின் பழுது நீக்கத் தளத்தையே உடைக்க நேரும். எனவே கணக்கு, கொள்முதலுக்கு முன்னரே முடிய வேண்டும்.

1. பரப்பு: குழந்தைகள் தரையில் அமரும் வகுப்பறை ஒன்றின் நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர் எனக் கொள்வோம். மொத்தப் பரப்பு 20 சதுர மீட்டர். நீளச் சுவரை ஒட்டி 0.6 மீட்டர் அகலத்தில் சுவரோடு கட்டிய அலமாரி உண்டு. அதன் அடியில் கம்பி கூடாது. வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும். எஞ்சிய 5 × 3.4 மீட்டரில் நான்கு பக்கமும் 10 சென்டிமீட்டர் விட்டால், சூடாக்கும் பரப்பு 4.8 × 3.2 = 15.36 சதுர மீட்டர்.

2. கம்பி: சதுர மீட்டருக்கு 150 வாட் வீதம் 2,304 வாட் தேவை. மீட்டருக்கு 10 வாட் தரும் கம்பியெனில் சுமார் 230 மீட்டர். கடையில் 220, 240 மீட்டர்ச் சுருள்களே கிடைப்பின், குறைந்ததையே கொள்க. மிஞ்சும் கம்பிக்குத் தளத்தில் இடமில்லை. மொத்தப் பரப்பைக் கொண்டு கணக்கிட்டிருந்தால் 300 மீட்டர் வாங்கி, 70 மீட்டரை என் செய்வதென்று திகைக்க நேரும்.

3. இடைவெளி: 15.36-ஐ 220-ஆல் வகுக்க, 0.07 மீட்டர், அதாவது 7 சென்டிமீட்டர். கம்பி ஒன்றன்மேல் ஒன்று படலாகாது.

4. மின்னளவு: 2,200 வாட்டை 230 வோல்ட்டால் வகுக்க 9.6 ஆம்பியர். 16 ஆம்பியர் வெப்பநிலைக் கட்டுப்படுத்தியும், 30 மில்லி ஆம்பியர்க் கசிவில் துண்டிக்கும் காப்புச் சாதனமும் வேண்டும்.

5. பிற பொருள்கள்: ஓடு பதியும் பரப்பு 17 சதுர மீட்டர், சேதாரம் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 18.7. 60 சென்டிமீட்டர்ச் சதுர ஓடுகள் 52. 120 × 60 சென்டிமீட்டர் வெப்பக்காப்புப் பலகைகள் 26. பலகையை விடுத்தால் வெப்பத்தின் பெரும்பகுதி மண்ணுக்கே போகும். நெகிழ்வுத்தன்மையுள்ள ஒட்டுச்சாந்து, ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ வீதம், 10 மில்லிமீட்டருக்கு 255 கிலோ. 20 கிலோப் பைகள் 13. பையில் அச்சிட்ட வீதம் வேறாயின் அதையே கொள்க.

கம்பியின் மின்தடையை மூன்று முறை அளந்து குறித்தல் கட்டாயம்: சுருளைப் பிரிக்குமுன், விரித்தபின், ஓடு பதித்தபின். இங்கு அது சுமார் 24 ஓம் இருத்தல் வேண்டும். இரண்டாம் அளவு மாறியிருந்தால் ஓடு பதிக்கும் வேலையை நிறுத்துக. சாந்து நன்கு இறுகுமுன் மின்சாரம் செலுத்தலாகாது. 5 பாகைக்குக் கீழ்ச் சாந்து செவ்வனே இறுகாதாகையால், இவ்வேலை கோடையில் முடிதல் வேண்டும்.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு தம் வகுப்பறையையே அளந்து, வரைகட்டத்தாளில் விலக்க வேண்டிய இடங்களை முதலில் நிழலிடச் செய்வாராக. எஞ்சும் வெள்ளை இடமே கணக்கின் தொடக்கம்.