குழந்தையின் மனமும் பேணத்தக்கதே

மாங்கன்றை நட்ட குடியானவர் அதை மழையின் பொறுப்பில் விட்டுவிடுவதில்லை. நீர் வார்க்கிறார், கொம்பு நட்டுக் கட்டுகிறார், ஆடு கடியாதவாறு முள்வேலி அடைக்கிறார். பர்கூர் வட்டார விவசாயிகளுக்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், வீட்டில் வளரும் குழந்தைக்குச் சோறும் தடுப்பூசியும் அளித்துவிட்டால் கடமை தீர்ந்தது என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். அதன் மனத்தையும் பேணவேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

2004-ஆம் ஆண்டில் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலும் பர்கூரிலும் சிப்காட் தொழிற்பேட்டைகள் அமைந்துள்ளன. தாய்மார் பலர் ஆலை வேலைக்குச் செல்கின்றனர். இதனால் குடும்பத்துக்கு வருவது நன்மையே; அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அந்நேரத்தில் குழந்தையை யார், எவ்விதம் பார்த்துக்கொள்வது என்பதே கேள்வி.

சொல்லிவிட்டுச் செல்லுங்கள்

ஏறக்குறைய எட்டாம் மாதம் முதல் குழந்தை தாயைப் பிரிய அஞ்சுகிறது. இது பிடிவாதமன்று, வளர்ச்சியின் இயல்பு. குழந்தை அழுமே என்று தாய் கொல்லைப்புறமாக மறைந்து செல்வது சில வீடுகளில் வழக்கம். அன்றைய அழுகை அதனால் குறையலாம். ஆனால், தாய் எந்நேரமும் காணாமற் போகக்கூடும் என்ற அச்சம் குழந்தையைப் பற்றிக்கொள்கிறது. மறுநாள் முதல் சேலைத் தலைப்பை விடாது. ஆகவே, சொல்லிவிட்டே செல்லவேண்டும். கடிகாரம் அறியாத குழந்தைக்கு மாடு வீடு திரும்பும் நேரம் தெரியும். "மாடு வந்ததும் நானும் வருவேன்" என்று சொல்லி, அச்சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். பாட்டியோ அத்தையோ, பார்த்துக்கொள்பவர் நாளுக்கொருவராக மாறாதிருத்தல் நலம்.

அச்சுறுத்தாதீர்கள்

பூச்சாண்டி, போலீஸ், ஊசி என்று பயமுறுத்திச் சோறூட்டுவதும், அடித்து அடக்குவதும் அழுகையை நிறுத்தலாம், துயரத்தை நிறுத்தா. "வண்டி உடைந்ததால் வருத்தமா?" என்று கேட்டால், தன் மனநிலைக்கு ஒரு பெயர் உண்டென்று குழந்தை கற்கிறது. தந்தையும் நாள்தோறும் சிறிது நேரம் குழந்தையோடு விளையாடவேண்டும். குழந்தையின் எதிரே நிகழும் குடும்பச் சண்டை அதன் உறக்கத்தையே கெடுக்கும். கைப்பேசியைக் காட்டி அமைதிப்படுத்துவதும் தகாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியுள்ளது.

நம் எல்லைப்புறத்தில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் இல்லங்கள் பல. அவ்வில்லத்துக் குழந்தை அங்கன்வாடியில் சில வாரம் வாய்திறவாதிருந்தால் அது மந்தமன்று. அதன் வீட்டுமொழியில் நாலு சொல் பேசினால் முகம் மலரும்.

எப்போது உதவி நாடுவது?

நின்றுவிட்ட படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், உறக்கங்கெடுதல், விளையாட்டை வெறுத்தல், பேசிவந்த பேச்சுக் குறைதல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், காற்றுச்சேட்டை என்று மந்திரிப்பதோடு நின்றுவிடலாகாது. அங்கன்வாடிப் பணியாளரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் நாடுங்கள். 2022-இல் தொடங்கிய மனநல உதவி எண் 14416-இல் கட்டணமின்றிப் பேசலாம்.

பஞ்சாயத்தின் கடமை

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. அதன் அங்கன்வாடிக் கட்டடத்துக்குக் கூரை, குடிநீர், விளையாட இடம் ஆகியவை உள்ளனவா என்று அங்கத்தினர்கள் நேரில் காணவேண்டும். ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டபோதே, பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவர் வந்தால் அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை அமர்த்தவேண்டும் என்று விதித்தது. அந்நெறியை ஒட்டி, வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்கு ஊரில் என்ன ஏற்பாடு என்பதைக் கிராம சபையில் பேசுங்கள். தெருவிளக்கும் சாலையும் பேசப்படும் சபையில் இதுவும் பேசத்தக்கதே. கன்று சாய்ந்தால் மறு பருவத்தில் வேறொன்று நடலாம்; குழந்தைப் பருவத்துக்கு மறு நடவு இல்லை.