தனித்தனியே பதியும் பயணமும் பணத்துக்கான காப்பும்

பிரிட்டனில் விடுமுறைக்கான விமானச் சீட்டை ஓரிடத்திலும் தங்குமிடத்தை வேறோரிடத்திலும் தாமே தேடிப் பதிந்துகொள்வோர் விலையை ஒப்பிடுவதில் காட்டும் கவனத்தை, விற்றவர் நொடித்துப்போனால் தம் பணத்துக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வியில் காட்டுவதில்லை. இரண்டையும் ஒருவரே தொகுத்து விற்கும்போது சட்டம் அவர்மேல் சுமத்தும் பொறுப்பு, தனித்தனியே வாங்கும்போது வாங்கியவரிடமே தங்கிவிடுகிறது.

தொகுப்புப் பயணத்துக்கு உரிய காப்புகளுள் தலையாயது, 1973 முதல் அந்நாட்டில் நடைமுறையில் உள்ள 'அட்டால்' என்னும் உரிமத் திட்டம். விமானப் பயணத்தை உள்ளடக்கிய தொகுப்பை விற்பவர் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் இவ்வுரிமத்தைப் பெறவேண்டும். பயணி ஒருவருக்கு 2.50 பவுண்டு வீதம் அவர் செலுத்தும் தொகை ஒரு பொது நிதியில் சேர்கிறது. அவர் நொடித்துப்போனால் பயணிகளுக்குரிய பணம் அந்நிதியிலிருந்து திரும்புகிறது. விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிய வெறும் இருக்கைக்குப் பொதுவாக இக்காப்பு இல்லை. 2017 அக்டோபர் 2 அன்று மோனார்க் விமான நிறுவனம் மூடப்பட்டபோது வெளிநாடுகளில் இருந்த ஏறத்தாழ 85,000 பேரை அரசு கட்டணம் பெறாமல் திரும்ப அழைத்துவந்தது உண்மையே; ஆயினும் அது அரசு அவ்வேளையில் எடுத்த முடிவேயன்றி, இருக்கை மட்டும் வாங்கிய ஒவ்வொருவரும் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய உரிமையன்று.

ஓர் இணையதளத்தில் விமானச் சீட்டை வாங்கியவுடன் அங்குள்ள இணைப்பின் வழியே வேறொருவரின் விடுதிக்குச் சென்று 24 மணி நேரத்துக்குள் அறையைப் பதிந்தால், 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அதனை 'இணைக்கப்பட்ட பயண ஏற்பாடு' என்று வகைப்படுத்துகின்றன. இப்பெயர் தரும் நம்பிக்கை பெரிது, காப்போ சிறிது: முதலில் விற்றவர் நொடித்தால் அவரிடம் கட்டிய பணத்துக்கு மட்டுமே அது பொருந்தும்.

தனித்தனியே பதிவோர் பெரிதும் அஞ்சுவது விடுதி மூடப்படுவதை. ஆனால் நடைமுறையில் மிகுதியும் இழப்பைத் தருவது, விமானம் ரத்தாகி விடுதி திறந்தே இருக்கும் நிலையாகும். விமானம் ரத்தானால் நிறுவனம் கட்டணத்தைத் திருப்பித் தரவோ மாற்று வழியில் அனுப்பவோ கடமைப்பட்டது என்றாலும், பயன்படாமற்போன அறைக்கு அது பொறுப்பேற்பதில்லை. அறையைத் தர ஆயத்தமாக இருந்த விடுதியும் ஒப்பந்தத்தை மீறவில்லை. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வான்வெளியை மூடியபோது, தொகுப்பாக வாங்கியவரையும் தனித்தனியே வாங்கியவரையும் பிரித்துக் காட்டியது இந்த இடைவெளியே. ஆகவே கட்டணமின்றி ரத்து செய்யத்தக்க அறையையே, அதிலும் ரத்துக்கான கடைசி நாள் பயணத்துக்கு மிக நெருங்கியதாக உள்ள அறையையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்; அதற்கெனச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கும் விலை வீண்செலவன்று.

அடுத்த அரண், பணம் செலுத்தும் முறை. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒரு பொருளையோ சேவையையோ கடன் அட்டையால் வாங்கும்போது, விற்பவரின் ஒப்பந்த மீறலுக்கு அட்டையை வழங்கிய நிறுவனத்தையும் சமப் பொறுப்பாளியாக்குகிறது. விலையின் ஒரு பகுதியை மட்டும் அட்டையில் செலுத்தினாலும் முழு விலைக்கும் உரிமை உண்டு. அம்மீறலால் நேர்ந்த தொடர் இழப்பையும் கோரலாம் என்பதால், நொடித்துப்போன விமான நிறுவனத்தால் வீணான அறைக்கட்டணத்தைக் கேட்கவும் இங்கு இடமுண்டு. ஆனால் அட்டைக்குரியவருக்கும் விற்பவருக்கும் இடையே முகவர் ஒருவர் நின்று பணத்தைப் பெற்றால் இவ்வுரிமைச் சங்கிலி அறுபடக்கூடும். சென்னைக்கோ கொழும்புக்கோ அறிந்தவர் நடத்தும் முகவர் நிலையத்தில் சீட்டு வாங்கும் லண்டன் தமிழ்க் குடும்பங்கள், அம்முகவரிடம் அட்டால் சான்றிதழ் உண்டா என்று கேட்பதை நம்பிக்கைக் குறைவாகக் கருதவேண்டியதில்லை. நேரடி வங்கி மாற்றமாகப் பணம் கேட்கப்பட்டால் மறுப்பதே நன்று. பற்று அட்டைக்கு 'சார்ஜ்பேக்' என்னும் மீட்புமுறை உண்டெனினும், அது அட்டை வலையமைப்புகளின் விதியே, சட்டமன்று. காலவரம்பும் குறுகியது, பெரும்பாலும் 120 நாள்.

பயணக் காப்பீட்டை, சீட்டையும் அறையையும் பதிந்த நாளிலேயே எடுத்தால் அன்று முதல் புறப்படுமுன் நேரும் ரத்துக்கும் அது உதவும். விமான நிறுவனமோ விடுதியோ நொடிப்பதற்கான காப்பு எல்லாப் பத்திரங்களிலும் இருப்பதில்லையாதலால் அதற்குரிய பிரிவைத் தேடிப் படித்தல் வேண்டும்.

அட்டை நிறுவனத்துக்குக் கோரிக்கையை எழுத்தில் அனுப்பி, பதிவு உறுதிப்பாடு, கட்டண விவரம், ரத்து அறிவிப்பு ஆகியவற்றை இணைத்தல் அவசியம். முறைப்படி புகார் செய்த பின்னும் அட்டை நிறுவனம் எட்டு வாரத்துக்குள் இறுதி விடை தராவிட்டாலோ, விடை ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, நிதிசார் பிணக்குகளை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; இறுதி விடை வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அம்முறையீடு சென்று சேரவேண்டும்.