கத்தரிக்காய் எந்த முட்டையில் இருக்கிறது?

‘அட்வென்ச்சர் ஐலண்ட்’ கடினமான ஆட்டம் என்பதில் இரண்டாம் கருத்து இல்லை. தொண்ணூறுகளில் சாமுராய் வீடியோ கேம் பெட்டியிலோ, அதைப் போலச் செய்து வந்த மலிவுப் பெட்டிகளிலோ விளையாடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மரியோவை முடித்தேன், கான்ட்ராவை முடித்தேன் என்பார்கள். இலைப்பாவாடையும் வெள்ளைத் தொப்பியுமாகக் கல்கோடாரி வீசும் இந்த ஆளைக் கடைசிவரை கொண்டுபோனவர் அபூர்வம். ‘நமக்குக் கை வேகம் பத்தலைப்பா’ என்பது வழக்கமான காரணம். அது தவறு என்பதே என் கட்சி. இந்த ஆட்டம் கேட்பது ஞாபகத்தையும் தாளத்தையும்தான். கை வேகத்தை நம்பி ஆடுகிறவர்தான் இதில் சீக்கிரம் சாகிறார்.

ஆட்டம் கட்டப்பட்டிருக்கும் விதமே இதற்குச் சாட்சி. திரையின் மேலே ஒரு சக்திக் கோடு ஓடுகிறது. சும்மா நின்றாலும் அது தேய்ந்துகொண்டே இருக்கும். பழம் தின்றால் ஏறும், தீர்ந்தால் உயிர் போகும். அதனால் நின்று நிதானிக்க வழியில்லை. பதறி ஓடினாலோ, பாறையில் இடறிச் சக்தி போகும். நத்தையையோ நெருப்பையோ தொட்டால் உயிரே போகும். செத்தவன், வழியில் நட்டிருக்கும் எண்பலகைகளில் கடைசியாகக் கடந்ததிலிருந்து மறுபடி தொடங்கலாம், ஆனால் கோடாரி கையில் இருக்காது. ஆயுதத்தோடு வந்தபோதே கடக்க முடியாத இடத்தை வெறுங்கையோடு கடக்க வேண்டும். வழியில் கிடக்கும் முட்டைகளில் சிலவற்றை உடைத்தால் கோடாரி வரும், சிலவற்றில் சறுக்குப்பலகை, ஒன்றிரண்டில் கத்தரிக்காய். அந்தக் கத்தரிக்காய் வெளியே வந்துவிட்டால் சக்தியை மளமளவென்று உறிஞ்சிவிடும். நம் ஊர்ச் சமையலறையில் தினமும் புழங்கும் காய்க்கு இந்த ஆட்டத்தில் இவ்வளவு கெட்ட பெயர். முக்கியமான விஷயம், கத்தரிக்காய் எப்போதும் அதே முட்டையில்தான் இருக்கும். நத்தையும் அதே இடத்தில்தான் நிற்கும். இந்த ஆட்டம் வழியை மாற்றி வைத்து நம்மை ஏமாற்றுவதே இல்லை.

எனவே ஆடி ஆடித் தேறியவர்கள் செய்வது ஒன்றுதான்: ஒவ்வொரு சுற்றையும் பலகைக்குப் பலகை தனித்தனித் துண்டாக மனப்பாடம் செய்வது. ஓட்டத்துக்கும் கோடாரி வீச்சுக்கும் ஒரே பொத்தான். அதை அழுத்தியபடியே இருந்தால் ஆள் வேகமாக ஓடுவான், உயரமாகவும் தாண்டுவான். புதியவர்கள் அதிலிருந்து விரலை எடுப்பதே இல்லை. எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பள்ளத்துக்கு ஓடித் தாண்ட வேண்டும், எந்த இடத்தில் நடந்து வந்து குதித்தாலே போதும் என்று பிரித்தறிந்தால் பாதி மரணங்கள் குறைந்துவிடும். சறுக்குப்பலகை ஒரு அடியைத் தாங்கும் என்பதற்காகக் கிடைத்த இடத்திலெல்லாம் ஏறாதீர்கள். ஏறியபின் நிற்க முடியாது. நெருக்கமாகப் பள்ளங்கள் வரும் இடத்தில் அந்த முட்டையை உடைக்காமல் விட்டுப் போவதே நல்லது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ‘மனப்பாடம் ஒரு திறமையா? சில்லறை பிடுங்குவதற்காகக் கடினமாக்கிய ஆட்டம்தானே?’ என்பார்கள். இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. ‘அட்வென்ச்சர் ஐலண்டு’க்கு மூல ஆட்டம் 1986-இல் வந்த ‘வொண்டர் பாய்’. எஸ்கேப் என்ற சிறு ஜப்பானிய நிறுவனம் சேகாவுக்காகச் செய்து கொடுத்த, காசு போட்டு ஆடும் ஆட்டம் அது. பெயரும் நாயகனும் சேகாவின் உடைமை என்பதால், ஹட்சன் சாஃப்ட் அதே ஆண்டில் அவ்விரண்டையும் மாற்றி நின்டெண்டோ பெட்டிக்குக் கொண்டுவந்தது. புதிய நாயகன் தகாஹாஷி மெய்ஜின், ஹட்சனில் வேலை பார்த்த நிஜ மனிதர். நொடிக்கு 16 முறை பொத்தானை அழுத்துவார் என்று ஜப்பானியச் சிறுவர்கள் கொண்டாடியவர். அந்த வேகக்காரரின் பெயரில் வந்த ஆட்டத்தில் அந்த வேகத்துக்கு ஏறக்குறைய வேலையே இல்லை என்பதை, என் வாதத்துக்குக் கிடைத்த பலமான சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

காசு வாங்கப் பிறந்த கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுப் பெட்டிக்கு வந்தபோது கல்லாப்பெட்டி போய்விட்டது, கடினம் மட்டும் மிஞ்சியது. மணிக்கணக்கில் காசு வாங்கிய நம் ஊர் வீடியோ கேம் கடைகளில்கூட ஒவ்வொரு சாவுக்கும் தனியாகப் பணம் கேட்டதில்லை. எங்கள் ஊரான வேங்கிக்காலில் இன்று பிள்ளைகள் கையில் இருப்பது போன். அதில் வரும் பல ஆட்டங்கள் விளம்பரம் பார்த்தால் ஒரு உயிர், பணம் கட்டினால் ஐந்து உயிர் என்று விற்கின்றன. அங்கே தோல்வி ஒரு வியாபாரம். இங்கே தோற்றவனுக்கு மிஞ்சுவது அந்த இடத்தைப் பற்றிய அறிவு. மனப்பாடம் மட்டும் போதாது என்பதையும் ஆடினால்தான் உணர முடியும். நத்தை எங்கே இருக்கிறது என்று தெரிந்தபின்னும் குதிக்க வேண்டிய கணத்தை விரல்தான் பழக வேண்டும். பாட்டின் சாகித்யம் தெரிந்தவரெல்லாம் பாடகர் ஆகிவிடுவதில்லை.

கணினியில் எமுலேட்டர் வைத்து ஆடுகிறவர்கள், நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்வது ஏமாற்று வேலையா என்று கேட்பதுண்டு. என் தீர்ப்பு: எண்பலகையில் சேமியுங்கள், ஒவ்வொரு தாவலுக்கு முன்னும் சேமிக்காதீர்கள். பலகையில் சேமித்தால் அடுத்த துண்டை முழுதாகப் பழக வேண்டியிருக்கும், பழக்கமும் ஒட்டும். தாவலுக்குத் தாவல் சேமித்தால் 32 சுற்றுகளையும் முடிக்கலாம்; ஆனால் மறுநாள் முதல் சுற்றையே ஒழுங்காக ஆட வராது. இன்னொன்று: பழைய குழாய் டிவியில் பொத்தானுக்கும் திரைக்கும் இடையே தாமதம் கிடையாது, இன்றைய தட்டை டிவிகள் பலவற்றில் உண்டு. நேரத்தோடு குதித்தும் விழுகிறோமே என்று தோன்றினால், டிவி அமைப்பில் ‘கேம் மோட்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இன்னும் ஒரு குறிப்பு. முதல் சுற்றிலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டைக்குள் ஹட்சனின் சின்னமான தேனீ இருக்கிறது. அதை எடுத்தவர்கள் உயிர்கள் தீர்ந்தபிறகும் ஆட்டத்தைத் தொடரலாம். எடுக்காதவர்கள் எட்டாம் பகுதியில் செத்தாலும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.