ஒரே ஏட்டில் வரவும் ஆய்வும்

வணிகவியல் பயிலும் நாம் குறிப்பேட்டையும் பேரேட்டையும் நன்கறிவோம். நடவடிக்கைகளை நிகழ்ந்த வரிசையில் எழுதுவது குறிப்பேடு; அவற்றையே கணக்குவாரியாகத் தொகுத்துக் காட்டுவது பேரேடு. கணிப்பொறியின் தரவுத்தளங்களும் நெடுங்காலம் இவ்வாறே இரண்டாகப் பிரிந்திருந்தன. அவற்றை ஒன்றாக்க அறிஞர் கண்ட வழிகளை ஈண்டு விளக்க விழைகிறேன்.

பயணச்சீட்டு விற்பது, வைப்புத் தொகையை வரவு வைப்பது போன்றவை சிறு நடவடிக்கைகள். இவற்றுக்கு ஒரு நிரை முழுவதையும் ஒருங்கே எழுதுதல் எளிது. ‘இம்மாதம் எவ்வூரில் விற்பனை குறைந்தது?’ என்பதோ ஆய்வு வினா. இதற்குக் கோடிக்கணக்கான நிரைகளில் ஓரிரு நிரல்கள் மட்டுமே வேண்டும். இரண்டையும் ஒரே வட்டில் செய்தால், நீண்ட வினா முடியும்வரை சீட்டு வாங்குவோர் காத்திருக்க நேரும். ஆகவே பகல் நடவடிக்கைகளை இரவில் வேறொரு தளத்துக்குப் படியெடுத்தனர். விளைவு என்ன? மேலாளர் இன்று காணும் கணக்கு நேற்றையதாயிற்று.

நினைவகத்தின் விலை குறைந்தமை புதுவழியைத் திறந்தது. தரவு முழுவதையும் நினைவகத்திலேயே நிரல்வாரியாக வைத்தால் இருபணிக்கும் ஒரே தளம் போதும் என்று 2009-இல் ஜெர்மானிய அறிஞர் ஹாஸோ பிளாட்னர் வாதிட்டார். 2010-இல் எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் ‘ஹானா’ வெளிவந்தது. அதன் நிரல்வாரி அட்டவணைகளில் புதிய பதிவுகள் முதலில் ஒரு சிறு பகுதியில் சேர்கின்றன. பின்னர் சுருக்கி வைக்கப்பட்ட பெரும்பகுதியோடு இணைக்கப்படுகின்றன.

2011-இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெம்பர், நாய்மன் ஆகியோர் ‘ஹைப்பர்’ என்னும் தளத்தில் வேறோர் உத்தியைக் காட்டினர். ஆய்வு வினாக்களுக்கு நினைவகத்தின் அந்நேரத் தோற்றம் தரப்படுகிறது. முழுவதையும் படியெடுப்பதில்லை, பின்னர் மாற்றப்படும் பக்கங்கள் மட்டுமே படியாகின்றன. எனவே எழுதும் பணி தொடர்ந்து நடக்க, ஆய்வோ மாறாத கணக்கைப் படிக்கிறது.

மின்சாரம் நின்றால் நினைவகம் வெறுமையாகிவிடுமே என ஐயம் எழலாம். அதனாலேயே நடவடிக்கை உறுதியாகுமுன் அதன் பதிவு வட்டிலும் எழுதப்படுகிறது. மீண்டும் இயங்கும்போது வட்டில் உள்ளவற்றைக் கொண்டு நினைவகம் நிரப்பப்படுகிறது.

எனினும் நினைவகம் வட்டைவிட விலை மிக்கது. மாதாந்திர அறிக்கைக்கு நேற்றைய கணக்கே போதும். அங்கே இரண்டு ஏடுகளே சிக்கனம். திருட்டு அட்டையால் ஒருவன் பணம் எடுக்கும்போது அதனை இரவில் கண்டறிந்து பயனில்லை. பணம் போகுமுன் பழைய வரவு செலவுகளோடு ஒப்பிட்டுத் தடுத்தாக வேண்டும். எந்த முடிவு அக்கணமே எடுக்கப்பட வேண்டியது என்று முதலில் ஆராய்ந்து, பிறகே தளத்தைத் தேர்வதே அறிவுடைமை என்பது என் கருத்து.